ஒற்றைப் பாம்படமும் ஊமை மிஷினும்

ராயகிரியிலிருந்து சங்கரன்கோவிலை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். நடை என்று சொல்வது மரியாதைக்கு. ஊர் எல்லை தாண்டும்வரை ஓட்டம், அதற்குப் பிறகுதான் நடை. தோளில் ஒரு பெட்டி, கையில் ஆள் உயரக் கம்பு, கம்பின் நுனியில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு மரத்தட்டு, கழுத்தில் தொங்கும் காதுக்குழல். எதிரே வந்த ஆட்டுக்காரர் ஆடுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு எனக்குக் கும்பிடு போட்டார். (எந்தச் சாமியின் ஆள் என்று நினைத்தாரோ தெரியவில்லை. நானும் திருநீறு கொடுக்கிற தோரணையில் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்தேன்.)

அந்தக் காலத்தில் நான் சொன்ன பொய்களையெல்லாம் பசிக்காகச் சொன்னேன் என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, வாயைப் பார்த்துக் கேட்க ஆள் கிடைத்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

பள்ளிக்கூடம் எனக்கு ஆறாம் வகுப்போடு முடிந்தது. யுத்தத்தின்போது கிழக்கு எல்லையில் பட்டாளத்துக்கு மூட்டை சுமந்தேன். அங்கேதான் இந்த மிஷினை முதலில் பார்த்தேன். மண்ணுக்குள் புதைத்த கண்ணிவெடியைக் கண்டுபிடிக்கிற கருவி. காதுக்குழலில் வண்டு சுற்றுவதைப் போல ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். தட்டுக்குக் கீழே உலோகம் வந்தால் அது பூனைக்குட்டிபோலக் கத்தும். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது எல்லோரும் கூடாரத் துணியும் பூட்ஸும் வாங்கினார்கள். நான் இதை வாங்கினேன்.

முதல் சில மாதம் நன்றாகவே ஓடியது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் பழைய கோட்டை மேடுகளில் போய்த் துழாவினால் ஏதாவது கிடைக்கும். புளியங்கொட்டை அளவில் பச்சை பிடித்த செப்புக்காசு. எச்சில் தொட்டுத் தேய்த்தால் ஒரு பக்கம் ஏதோ ஓர் எழுத்து, மறுபக்கம் மாடா யானையா என்று தெரியாத ஒரு விலங்கு. எத்தனையோ பேர் கைமாறி, யாரோ மடியிலிருந்து நழுவவிட்டது. மதுரையில் ஒரு ஜவுளி வியாபாரி இதற்கென்றே பைத்தியமாக இருந்தார், கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார்.

ஆனால் கரிசல் காட்டில் இந்த மிஷினுக்கு ஓர் எதிரி உண்டு. அதன் பெயர் லாடம். மாடு நடந்த இடமெல்லாம் லாடமும் லாட ஆணியும் உதிர்ந்து கிடக்கும். ராயகிரியில் நிலபுலன் உள்ள ஒரு பெரிய சம்சாரி தன் பாட்டனார் புதைத்து வைத்த காசுப் பானையைத் தேடித் தரச் சொன்னார். கிணற்று மேட்டில் மிஷின் கதறிய கதறலைக் கேட்டு, "பானை இல்லை, அண்டா!" என்று அறிவித்தேன். ஐந்து பேர் ஒரு பகல் முழுவதும் தோண்டினார்கள். கிடைத்தது அரைக் கடகப் பெட்டி லாடமும் துருப்பிடித்த ஒரு பூட்டும். தோண்டியவர்கள் மண்வெட்டியைக் கீழே போடாமலே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓட்டத்துக்குக் காரணம் அதுதான்.

நடு வழியில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மிஷினுக்கு அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். காதுக்குழலை மாட்டினேன். ரீங்காரம் இல்லை. பெட்டியைத் தட்டினேன், குலுக்கினேன், சற்று நேரம் வெயிலில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பெட்டிக்குள் இருந்த பாட்டரி சங்கரன்கோவிலில் கிடைக்காது, மதுரையிலேயே கிடைக்குமா என்பது சந்தேகம். பாட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை சங்கரன்கோவில் வந்து சேர்ந்தபோது நான் சாப்பிட்டு இரண்டு நாள். தெற்கு ரத வீதியில் ஒரு காப்பிக் கிளப்புக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு வாலிபர் காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு நாலாவது காப்பி என்று கடைக்காரர் முணுமுணுத்தார். வாலிபர் என் கம்பையே பார்த்தார்.

"அண்ணாச்சி, இது என்ன, ரேடியோவா?"

"ரேடியோ பாட்டைத்தான் கேக்கும். இது மண்ணுக்குள்ள கெடக்கிற காசு பேசுததைக் கேக்கும்."

"காசு மட்டுந்தானா? பொன்னு?"

"பொன்னுதான் மொதல்ல பேசும்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "காணாமப் போன ஒத்தைப் பாம்படத்தைக் கண்டுபிடிச்சுக் குடுக்குமா?"

உள்ளே திரும்பி, "இட்லி சூடா இருக்கா?" என்று கேட்டேன். இட்லி வந்தது. முதல் இட்லிக்கு "பார்க்கலாம்" என்றேன். மூன்றாவதில் "பெரும்பாலும்" என்றேன். ஆறாவது இட்லி முடிந்தபோது "இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள" என்று சத்தியம் செய்திருந்தேன்.

அவர் பெயர் கோமதிநாயகம். ஊருக்குக் கிழக்கே, குளத்தங்கரையை ஒட்டி வீடு. போகிற வழியில் கதையைச் சொன்னார். அவருடைய அம்மா பேச்சியம்மாவுக்கு இடது காதில் சீழ் வைத்து, ஒரு மாதம் படாத பாடு பட்டிருக்கிறாள். கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுவதற்காக இரண்டு காதுப் பாம்படத்தையும் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாள். காது குணமானது. பானைக்குள் கையை விட்டால் ஒரு பாம்படம்தான் இருந்தது. அதே வாரத்தில்தான் கோமதிநாயகத்தின் மனைவி செல்லத்தாயைப் பார்க்க அவள் அண்ணன் சிவகிரியிலிருந்து வந்து போயிருந்தான்.

"அவ எடுக்கல அண்ணாச்சி. எனக்குத் தெரியும். ஆனா அம்மா கேக்கமாட்டேங்கா. இன்னிக்குச் சாயந்திரம் அவளைச் சிவகிரியில கொண்டுபோய் விட்டுட்டு வரணுமாம். பாம்படம் கெடைச்சாத்தான் திரும்பக் கூப்பிடணுமாம். வண்டி மை வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். காலையில இருந்து காப்பி குடிச்சுட்டு இருக்கேன்."

செத்த மிஷினைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண்ணின் வாழ்வைத் தேடப் போகிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. யோக்கியனாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீட்டுல மாடு உண்டுமா?" என்று கேட்டேன்.

வாசலில் கூண்டு வண்டி நின்றது. வண்டிக்குள் செல்லத்தாயின் தகரப் பெட்டி ஏற்றியாகிவிட்டது. அவள் தொழுவத்துத் தூணில் சாய்ந்து நின்றாள். அழுது முடித்த முகம். பேச்சியம்மா நிலைப்படிக்கு நேர் எதிரே, ஓலைக் கொட்டானை மடியில் வைத்துப் பருத்திக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். வலது காதில் பாம்படம் தோளைத் தொட்டு ஆடியது. இடது காது வெறும் வளையமாகத் தொங்கியது. ஒரு பக்கம் கனமும் மறுபக்கம் காற்றுமாக இருந்ததால் தலையைச் சற்றுச் சாய்த்தே எல்லோரையும் பார்த்தாள். பார்க்கிறவர்களுக்குத் தாங்கள்தான் கோணலாக நிற்கிறோமோ என்று தோன்றும்.

அவள் கணவர் சுடலைமுத்து அண்ணாச்சி, காதில் சிவப்புக்கல் கடுக்கன் போட்ட ஒல்லியான மனிதர், என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ஏலே, ஆருலே இது? கம்பைக் காட்டிக் களவு புடிக்கிறவனா? இவனையெல்லாம் நம்பி வீட்டைக் கெளறுவியா? போவச் சொல்லு."

"நீரு சும்மா இரியும்" என்றாள் பேச்சியம்மா. "ஏ தம்பி, தேடு."

காதுக்குழலை மாட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடித் தொழுவத்தில் இறங்கினேன். என் கணக்கு எளிமையானது. உயிரோடு இருந்தபோது மிஷின் காட்டிக் காட்டிக் கெடுத்த லாடமே இப்போது எனக்குச் சாட்சி சொல்லட்டும். மாட்டுக் காடி ஓரமாகத் தட்டை வைத்து, "இங்கன இரும்பு கெடக்கு" என்றேன். கோமதிநாயகம் கிண்டினார். லாடம். இரண்டு அடி தள்ளி, "இங்கனயும்." லாட ஆணி. பேச்சியம்மாவின் கை பருத்திக்கொட்டையில் நின்றுவிட்டது.

"இரும்பெல்லாம் சரிதான்" என்றார் சுடலைமுத்து. "பொன்னு எங்கவே?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எந்த வீட்டிலும் வாசல் நிலை நிறுத்தும்போது அடியில் நவதானியமும் காசும் துளிப் பொன்னும் போடாமல் இருக்க மாட்டார்கள். குடிசைக்காரன்கூட ஒரு குன்றிமணிப் பொன்னாவது போடுவான். மிஷினே வேண்டாம்; கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த இடத்தைக் காட்டலாம். அங்கே பொன் இருக்கிறது என்று சொன்னால், "ஆமா, நாங்க போட்டதுதான்" என்பார்கள். யாரும் தோண்ட மாட்டார்கள். மிஷின் மெய் பேசுகிறது என்றாகிவிடும். அதற்குப் பிறகு, "வீடு முழுக்கத் தேடிவிட்டேன், பாம்படம் இந்த வளவிலேயே இல்லை, அதனால் இந்தப் பெண் மேல் தப்பில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். (இவ்வளவு அறிவை நான் வேறு எந்தத் தொழிலில் போட்டிருந்தாலும் முன்னேறியிருப்பேன்.)

நிலைப்படிக்கு மேலே தட்டை வைத்தேன். உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினேன்.

"பொன்னு!"

பேச்சியம்மா மூக்கில் விரலை வைத்தாள். "நெசந்தான்! நெலை வைக்கும்போது எங்க ஐயா எனக்குப் போட்ட பொன் காசை நாந்தான் இவரு கையில எடுத்துக் குடுத்தேன். முப்பது வருசமாச்சு. வேற ஒருத்தருக்கும் தெரியாது. ஏலே கோமதி, இந்த மிசினு பொய் சொல்லல."

அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். அவள் கேட்டாள்: "அந்த ஒத்தைக் காசுதானா தம்பி பேசுது?"

வாயைப் பார்த்துக் கேட்க ஆள் கிடைத்துவிட்டது. "ஒத்தைக் காசுக்கு இம்புட்டுச் சத்தம் வராது அத்தை. கனமா ஏதோ கெடக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே என் காதில் விழுந்தது. பேச்சியம்மா நிலைப்படியின் ஓரத்தைப் பார்த்தாள். அங்கே ஓர் எலி வளை இருந்தது. பிறகு தலையைச் சாய்த்து மருமகளைப் பார்த்தாள்.

"ஏட்டி, வளைக்குள்ள தள்ளி வச்சிருக்கியா? ஊர்ல இருந்து வந்து சாவகாசமா எடுத்துக்கிடலாம்னு? கோமதி, எடுலே கடப்பாரையை!"

என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற செல்லத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் சுடலைமுத்து அண்ணாச்சி பாய்ந்து போய் நிலைப்படி மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நெலையைத் தோண்டுனா வீட்டுக்கு ஆவாது! நாஞ் சொல்லுதேன், ஆவாது! என்னை வெட்டிட்டுத் தோண்டு!"

"அய்யா, எந்திரிங்க."

"எந்திரிக்க மாட்டேன்."

எவ்வளவு பக்தி என்று வியந்தேன். அவருக்காக நானும் சேர்ந்துகொண்டு, "மிஷின் சில சமயம் கூடச் சொல்லும், தோண்ட வேண்டாம்" என்று கெஞ்சினேன். பேச்சியம்மா கேட்கவில்லை. கோமதிநாயகத்துக்கும் வெறி வந்துவிட்டது. இங்கே பாம்படம் இல்லை என்று காட்டிவிட்டால் மனைவி தப்பினாள் என்று நினைத்திருக்க வேண்டும். அப்பாவை அலாக்காகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கடப்பாரையை எலி வளைக்குள் விட்டு நெம்பினார்.

மண் சுவர். ஐப்பசி மழையில் ஊறியது. நிலை முதலில் எங்களை நோக்கி மெதுவாகத் தலை வணங்கியது. "ஓடுங்கலே!" என்று யாரோ கத்தினார்கள். (நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.) மிஷினைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டுக் குதித்தேன். நிலையும், கதவும், இரண்டு பக்கத்துச் சுவரும், மேலே இருந்த ஓடுகளும் ஒன்றாகக் கீழே வந்தன. அந்தச் சத்தத்தில் வண்டி மாடுகள் மிரண்டு, தகரப் பெட்டியோடு குளத்தங்கரைப் பக்கம் ஓடின.

புழுதி அடங்கியதும் ஒவ்வொரு தலையாக எண்ணிப் பார்த்தேன். எல்லாத் தலையும் இருந்தது. யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. மிஷின் மட்டும் ஒரு மண் குன்றுக்கு அடியில் இருந்தது. காதுக்குழலின் ஒரு பாதி வெளியே எட்டிப் பார்த்தது.

பேச்சியம்மா யாரையும் பார்க்கவில்லை. இடிபாட்டுக்குள் புகுந்து, நிலை நின்ற குழியைக் கையால் துழாவினாள். உமியாகிப் போன தானியம் வந்தது. பிறகு வட்டமாக ஒன்று வந்தது. முந்தானையில் தேய்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் தேய்த்தாள்.

"இது என்னதுவே?"

பித்தளை வில்லை. நடுவில் ஓட்டை, மேலே வெட்டியிருந்த நம்பர். மலையில் தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களுக்குப் பேருக்குப் பதிலாகக் கொடுக்கிற வில்லை. அந்த வீட்டில் மலைக்கு வேலைக்குப் போய் வந்தவர் ஒரே ஒருவர்தான். எல்லோரும் சுடலைமுத்துவைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன்.

"எம் நம்பருதான்" என்றார் சுடலைமுத்து மிகவும் மெல்லிய குரலில்.

"எங்க ஐயா போட்ட பொன் காசு எங்கவே?"

"அந்த வருசம் இங்கன நாடகம் வந்துச்சுல்லா... ராசபார்ட்டு என்னமாப் பாடுனான்! பெரிய பெரிய ஆளெல்லாம் எந்திரிச்சு மெடல் குத்துனாவ. நானும் எந்திரிச்சுட்டேன். எந்திரிச்ச பெறவு வெறுங்கையோட உக்கார முடியுமா? மடியில அந்தக் காசுதான் இருந்துச்சு."

பேச்சியம்மாவின் கை மெதுவாக மேலே போய், வெறும் இடது காதைத் தொட்டது.

"அப்போ இது?"

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நீ காது நோவுல துடிச்சியா... எனக்குப் பொறுக்கல. கோயிலுக்குப் போயி, காது சொகமாச்சுன்னா பாம்படத்தை உண்டியல்ல போடுதேன்னு நேந்துக்கிட்டேன். சொகமாச்சு. போட்டுட்டேன்."

"ஒண்ணை மட்டுமா?"

"நோவு ஒரு காதுலதான?"

"மத்தக் காதுக்கு நோவு வந்தா?"

"அதுக்குத்தான் இன்னொண்ணு இருக்குல்லா."

"எம் பாம்படத்தை நேந்தீரே, உம்ம கடுக்கனை நேந்தா சாமி வேண்டாம்னா சொல்லிரும்? இவளை வண்டி ஏத்துத வரைக்கும் வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பயமா இருந்துச்சு" என்றார் சுடலைமுத்து. மீசை நரைத்த மனிதர் அதைச் சொன்ன விதத்தில் யாராலும் அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

பேச்சியம்மா கைமண்ணைத் தட்டினாள். மருமகள் முகத்தைப் பார்க்காமல், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ஏட்டி, நேரமாச்சு. உள்ள போயி உலையை வையி" என்றாள்.

செல்லத்தாய் சுவர் நின்ற இடத்தைப் பார்த்தாள். "உள்ளன்னா எந்த வழியா அத்தை? வாசலைக் காணுமே."

முதலில் சிரித்தது பேச்சியம்மாதான். பாம்படம் குலுங்கச் சிரித்தாள். கோமதிநாயகம் சிரித்துக்கொண்டே மாடுகளைப் பிடிக்க ஓடினார். துண்டுக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் சாகவில்லை, யாரும் சிவகிரிக்குப் போகவில்லை, என்னை யாரும் அடிக்கவில்லை. அதோடு, அந்த மண் குன்றைப் பார்க்கப் பார்க்க இன்னொரு நிம்மதி: இனிமேல் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓட வேண்டியதில்லை.

"தம்பி மிசினு போச்சே" என்று பேச்சியம்மா வருத்தப்பட்டாள். "கள்ளனைப் புடிச்சுக் குடுத்துட்டு உசுரை விட்டுட்டுதே!" அன்றைக்கு எனக்குச் சோளச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தது. தொழுவத்தில் படுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் பேச்சியம்மா வந்து நின்றாள். "சுவரை விழத்தட்டுனதுல உமக்கும் பங்கு உண்டும்லா? எழுப்புத வரைக்கும் இரியும். சோறு போடுதேன், கூலியும் தாரேன். மண்ணு மிதிக்கத் தெரியுமா?" தெரியும் என்றேன். அது நான் அந்த ஊரில் சொன்ன முதல் உண்மை.

முற்றத்தில் குழி வெட்டி, இடிந்த மண்ணை அள்ளிப் போட்டிருந்தார்கள். செல்லத்தாய் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினாள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? நேத்து உங்க முதுகுப் பக்கம் ஒரு வயரு கழண்டு வாலு மாதிரி தொங்கிட்டுக் கெடந்துச்சே, அது சொருவி இருக்கணுமா, தொங்கணுமா?"

பெட்டியின் பின்பக்கம், பாட்டரி வயர். ராயகிரி ஓட்டத்தில் கழன்றிருக்கிறது. பாட்டரி சாகவே இல்லை.

"சொருவித்தான் இருக்கணும்" என்றேன். "நீ பாத்துட்டுச் சொல்லலையா?"

"எதுக்குச் சொல்லணும்? யாரும் பாத்துரக் கூடாதுன்னுதான நீங்க போன பக்கமெல்லாம் முந்தானையை விரிச்சு மறைச்சுக்கிட்டு உங்க முதுகை ஒட்டியே வந்தேன். அது நெசமாவே பேசி, எம் பெட்டிக்குள்ள யாராவது போட்டு வச்சிருந்தா? பேசாத மிசினே எனக்குப் போதும்னு இருந்துட்டேன்."

குடத்தைக் கவிழ்த்துவிட்டு, அடுத்த நடைக்குப் போய்விட்டாள்.

இந்தக் கதையை என் கல்யாணத்துக்குப் பிறகு மனைவியிடம் சொன்ன தவறுக்கு இன்றைக்கும் அனுபவித்து வருகிறேன். வீட்டில் ரேடியோ பாடவில்லையா, விளக்கு எரியவில்லையா, நான் "பழுது" என்று வாயைத் திறப்பதற்குள் மகளும் மகனும் சேர்ந்து, "அப்பா, வாலைப் பாருங்க" என்கிறார்கள். சம்பந்தி வீட்டார் முன்னால் நான் எதையாவது சற்று நீட்டிச் சொல்ல ஆரம்பித்தால், மனைவி என் முதுகுப் பக்கம் வந்து நின்று முந்தானையை விரித்துக் காட்டுகிறாள். அவர்களும் பழகிவிட்டார்கள், சிரிக்கிறார்கள்.

அன்று காலை நான் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். சேறு முழங்கால்வரை குளிர்ந்தது. வைக்கோலைத் தூவித் தூவி, இடது கால், வலது கால் என்று மாற்றி மிதித்தேன். அந்த வேலைக்குக் காதில் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.